சூடு தெரியாத கை

இல்ல டாக்டரம்மா, வீட்டு வேலையால வந்ததுன்னு எழுதிடாதீங்க. பேனாவை ஒரு நிமிஷம் கீழ வைங்களேன். துணி துவைப்பியா, பாத்திரம் கழுவுவியா, சோள ரொட்டி அரேபா தட்டுவியான்னு கேட்டீங்க, நானும் மக்கு மாதிரி ஆமா ஆமான்னு தலையாட்டிட்டேன். பொகோட்டாவுலேருந்து நம்ம ஊரு ஃபகா வரைக்கும் எந்தப் பொம்பள அரேபா தட்டாம இருக்கா, சொல்லுங்க? எல்லாருக்குமா கை மரத்துப் போச்சு?

நான் ரோஜாத் தோட்டத்துல பூ வெட்டுறவ. பதினோரு வருஷம் ஆச்சு. சாதா நாள்லயே மணிக்கு முந்நூறு தண்டு வெட்டணும். பிப்ரவரில காதலர் தினம் வருது பாருங்க, அப்போ கேக்கவே வேணாம். அமெரிக்காவுல எவனோ எவளுக்கோ பூ குடுப்பான், இங்க எங்களுக்கு உசுரு போகும். அந்தக் குளிர்ல கத்திரியப் புடிச்சா இரும்பு அப்படியே கையில ஒட்டிக்கும்.

ம்... ம்... புரியுது. மணிக்கட்டுல ஒரு சந்து, அதுக்குள்ள நரம்பு போகுது, சுத்தி வீங்கினா நரம்பு நசுங்குது. நல்லாவே வெளங்குது. தைராய்டு இருந்தாலும் வரும், சக்கரை இருந்தாலும் வரும், புள்ள உண்டானாலும் வரும், பொம்பளையா பொறந்தாலே ஜாஸ்திங்கிறீங்க. சரிதான். அப்போ அந்தக் கத்திரி மட்டும் ஒரு பாவமும் அறியாததா?

அது தோட்டத்துல சோதிச்ச பழைய சீட்டுதானே? ஆமா, அதுல வலி இல்லன்னுதான் இருக்கும். மூணு வருஷமா நான் அப்படித்தான் சொல்லிட்டு வந்தேன். சீசனுக்கு முன்னாடி தோட்டத்துல கையைச் சோதிப்பாங்க. மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிஷம் வச்சுக்கச் சொல்வாங்க. விரலெல்லாம் ஊசி ஊசியாக் குத்தும். வலிக்குதுன்னு வாயத் தொறந்தா சீசனுக்கு எடுக்க மாட்டாங்க. அதனால ஒரு வாரம் முன்னாடியே நாங்க ஒக்காந்து பழகுவோம். பக்கத்துப் பாத்தி நெல்சிதான் எங்களுக்கு வாத்தியார். கையை மடக்கிப் புடிச்சுக்கிட்டு, சிரிடி யாமிலே, எழவு வீட்டு மூஞ்சியா வச்சுக்காதேன்னு சொல்லுவா. நான் நல்லா சிரிப்பேன். எல்லாரையும்விட நல்லா சிரிப்பேன்.

இப்ப மட்டும் ஏன் வந்தேனா? வலி தாங்காமயா? வலிச்சாத்தான் தேவலையே. இப்போ ஒண்ணுமே தெரியல டாக்டரம்மா.

சின்னவளுக்கு ஒண்ணேகால் வயசு. மைரான்னு பேரு. குளிப்பாட்டலாம்னு தொட்டியில தண்ணி விளாவுனேன். விரல விட்டும் பார்த்தேன். வெதுவெதுன்னுதான் இருந்துச்சு, சத்தியமா. தூக்கி உக்கார வச்சுட்டேன்.

பொழச்சுக்கிட்டா. கால் ரெண்டும் தோல் உரிஞ்சு இப்பதான் ஆறிட்டு வருது.

என் கைதான்னு எப்படிச் சொல்லுவேன்? தோட்டத்துக்குத் தெரிஞ்சா அன்னிக்கே அனுப்பிடுவாங்க. பெரியவ கேரன் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தா, ஆறு வயசு. அவதான் சுடுதண்ணிய ஊத்திட்டான்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன். பாவி, சொல்லிட்டேன். அவரு அடிக்கல, திட்டக்கூட இல்ல. ஆனா இந்தப் புள்ள அதை நம்பிடுச்சு. நெசமாவே தான்தான் ஊத்துனதா நம்பிடுச்சு. தங்கச்சி கிட்டயே போக மாட்டேங்குது. சாப்புடுறப்போகூட ரெண்டு கையையும் தொடைக்கடியில வச்சுக்குது, நான்தான் ஊட்டி விடறேன். நீ இல்லடி கண்ணு, அம்மா கைதான்டின்னு எத்தனையோ தடவ சொல்லிட்டேன். உங்க கைக்கு என்னம்மா, நேத்துகூட பூ வெட்டப் போனீங்களேங்குது.

எதனால வந்துச்சுன்னு நீங்க என்ன வேணா எழுதிக்குங்க, இனிமே நான் சண்டை போடல. கேரனோட அம்மா கைக்குச் சூடு தெரியாதுன்னு மட்டும் ஒரு வரி எழுதிக் குடுங்க. கொஞ்சம் பெரிய எழுத்தா எழுதுங்க டாக்டரம்மா, அவ இப்பதான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறா.