சீர்த்தட்டில் வைத்த பங்குகள்

1932-ஆம் வருஷம் அக்டோபர் மாதம், மலாக்கா போலீஸ் ஸ்டேஷனில், குற்றம் சாட்டப்பட்ட எதிரி தமிழில் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டது.

புக்கிட் பெருவாங்கில் கனகலிங்கம் என்பவரை அவர் வீட்டு வாசலில் வைத்துக் குடையால் அடித்தது நான்தான். என் பெயர் அப்புசாமி, தகப்பனார் பெயர் வீரமலை, வயது நாற்பத்தாறு, பெம்பானில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். அடித்தபோது குடித்திருக்கவில்லை.

கனகலிங்கம் எங்கள் பக்கத்தில் மூங்கில் தோட்டம் என்கிற ரப்பர் எஸ்டேட்டில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர். தோட்டத்து ஆட்கள் என் கடையில் சாமான் வாங்குவதால் அவரோடு பழக்கம். சென்ற வருஷம் என் தங்கை பாக்கியலட்சுமியின் மகள் சுசீலாவுக்கு, மலாக்காவில் அரசாங்க ஆபீசில் வேலை பார்க்கும் சேகரனை நிச்சயம் செய்தோம். தங்கை புருஷனை இழந்தவள். தாய்மாமன் சீர் குறைவில்லாமல் செய்ய வேண்டியது என் பொறுப்பு. அப்போது ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களில் பாதிப் பேரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நான் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். தங்கம் போட வழியில்லை.

அதன் பிறகு கனகலிங்கம் கடைக்கு வந்து, தன்னிடம் தோட்டக் கம்பெனியின் பங்கு இரண்டாயிரம் இருப்பதாகவும், ஒரு வெள்ளி, அதாவது நூறு காசு மதிப்புப் போட்ட பங்கைப் பத்துக் காசுக்குத் தருவதாகவும் சொன்னார். கம்பெனி ஆட்டம் கண்டிருப்பது எனக்குத் தெரியும். மூடின கடைகளின் சரக்கை அடிமாட்டு விலைக்கு வாங்கி விற்று மேலே வந்தவன் நான். ரப்பர் விலை ஏறினால் லாபம், ஏறாவிட்டால் எண்பது வெள்ளி நஷ்டம் என்று கணக்குப் போட்டு, நாலு காசு என்றேன். உடனே சரி என்றார். பேரம் பேசத் தெரியாத மனிதர் என்று எண்ணிக்கொண்டேன். பங்குகளை மாப்பிள்ளை பெயருக்கே மாற்றச் சொன்னேன். அந்தச் செலவை அவரே கட்டினார். கம்பெனிப் புத்தகத்தில் பெயர் ஏறிவிட்டதா என்று சிங்கப்பூருக்குக் கடிதம் போட்டும் விசாரித்தார்.

அதன் பிறகு கல்யாணத்தன்று வெற்றிலை, தேங்காய், பட்டுச்சேலையோடு அந்தப் பத்திரத்தைத் தட்டில் வைத்து, இரண்டாயிரம் பங்கு என்று சபையில் உரக்கச் சொல்ல வைத்தேன். “கடைக்காரரு மாப்பிள்ளையத் தொரையாவே ஆக்கிட்டாருலா!” என்று பந்தியில் ஒருவர் சொன்னதும் சம்பந்தியம்மா எனக்குத் தன் கையாலேயே பாயசம் ஊற்றினார்.

அதன் பிறகு இந்த ஆகஸ்டில் கம்பெனியைக் கலைக்கும் அதிகாரியிடமிருந்து சேகரனுக்கு நோட்டீஸ் வந்தது. ஒரு பங்குக்குப் பாதிப் பணம்தான் முதலில் கட்டியிருக்கிறது, மீதி ஐம்பது காசைப் பங்குக்காரர் கட்ட வேண்டும், மொத்தம் ஆயிரம் வெள்ளி, கட்டாவிட்டால் வழக்கு என்று அதில் இருந்ததாகப் படித்துச் சொன்னார்கள். நான் கெட்டுப்போன கருவாடும் வாங்கியிருக்கிறேன். போட்ட பணத்தோடு போகும். கருவாடு வீடு தேடி வந்து இன்னும் கொடு என்று கேட்டதில்லை. அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவன் கடன் வழக்கில் மாட்டினால் வேலை போய்விடும் என்று சேகரன் அழுதிருக்கிறான்.

அதன் பிறகு சம்பந்தியம்மா, “ஒன் மாமன் வச்ச சீரையும் எடுத்துக்கிட்டுக் கெளம்புடி” என்று சுசீலாவைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவள் வரும்போது அந்தப் பட்டுச்சேலையும் பெட்டியில் மடித்தபடி இருந்தது. “மாமா, அந்தக் காயிதத்தக் குடுத்தவருகிட்டயே திருப்பிக் குடுத்துரலாம்ல?” என்று கேட்டாள்.

அதற்காகத்தான் புக்கிட் பெருவாங் போனேன். அடிக்கப் போகவில்லை. எண்பது வெள்ளியைத் திருப்பித் தர வேண்டாம், பங்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று நின்றபடியே கேட்டேன். கனகலிங்கம் சாய்வு நாற்காலியில் இருந்து எழவில்லை.

“பாதி கட்டினது எண்டு பத்திரத்தில அச்சடிச்சுத்தானே கிடக்கு. வாசிச்சிருக்கலாமே, அப்புசாமி.”

“எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா, கிராணி?”

“தெரியும். வாசிக்கத் தெரிஞ்சவன் வாங்க மாட்டானே” என்று சொல்லிச் சிரித்தார்.

அதன் பிறகு அடித்தேன். முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது அடியில் மூக்குக்கண்ணாடி உடைந்தது. அவர் மனைவி ஓடிவந்ததும் குடையைக் கீழே போட்டுவிட்டு, போலீஸ் வரும்வரை வாசலிலேயே நின்றேன்.

இவ்வளவையும் எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டவும் இல்லை, மறைக்கவும் இல்லை. அபராதம் போட்டால் கட்டுகிறேன். வருத்தம் தெரிவித்ததாக மட்டும் எழுத வேண்டாம். கையெழுத்துக்கு முன் ஒன்று சேர்க்கச் சொன்னேன். அடித்த அன்றே ஜாமீனில் விட்டிருந்ததால் நேற்று சம்பந்தி வீட்டாரோடு பேசி முடித்தது: பெம்பான் கடையை விற்று ஆயிரம் வெள்ளியையும் நானே கட்டுவது, ரசீதைக் கையில் வாங்கிய பிறகே அவர்கள் சுசீலாவை அழைத்துக்கொள்வது, அதுவரை அவள் சாப்பாட்டுச் செலவு எங்களுடையது, இனி எந்த விசேஷத்துக்கும் தாய்மாமன் அந்த வீட்டுப் படி ஏறக்கூடாது. ஒப்புக்கொண்டேன்.

(ஒப்பம்) வீ. அப்புசாமி