கழித்த எண்

டீ நன்றாக இருந்தது, ஐயா. எங்கள் ஆய்வகத்தில் கிடைப்பது வெறும் வெந்நீர். அதற்கும் டீ என்றுதான் பெயர்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஓடிய எஞ்சினிலிருந்து சின்ன பாட்டிலில் எண்ணெய் வரும். அகச்சிவப்பு ஒளியை அதில் செலுத்தினால், எவ்வளவு ஆக்சிஜனேற்றம் ஆகியிருக்கிறது, அதாவது எவ்வளவு வெந்து கெட்டிருக்கிறது என்பதற்கு ஓர் எண் கிடைக்கும். இதில் ஒரு சிக்கல் உண்டு. சில உயர்ந்த ரக எண்ணெய்கள் புதிதாக, கெடாமல் இருக்கும்போதே பெரிய எண்ணைக் காட்டும். அதைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஒருமுறை கழிக்க மறந்து, நல்ல எண்ணெயைக் கெட்டுவிட்டது என்று சொல்லிவிட்டேன். என் அக்கா வீட்டுக்காரர், பயணிகள் படகில் எஞ்சின் பார்ப்பவர், என் பேச்சை நம்பி எஞ்சினைப் பிரித்தார். உள்ளே எல்லாம் பளபளவென்று இருந்தது. மனிதர் அதை விடவேயில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், "இவர்தான் எங்க எண்ணெய் ஜோசியர். நல்லா ஓடுற எஞ்சினுக்குச் சாவு நாள் குறிச்சவரு" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. என்னைத் தூக்கி வளர்த்தவள்.

ஒருநாள் சாப்பிடும்போது அத்தான் சொன்னார், "உயர்ந்த எண்ணெய் கட்டுப்படியாகல மாப்ளே. சாதாவுக்கு மாறிட்டோம். முதலாளி உங்க ஆபீசுக்குச் சொல்லிடுவாரு." முதலாளி சொல்லவில்லை. ஆய்வகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அடுத்த பாட்டில் வந்தபோது, பழைய எண்ணெயின் பெரிய எண்ணையே கழித்தேன். மிச்சம் ஒன்றுமில்லை என்று வந்தது. சாதா எண்ணெய்க்குரிய சின்ன எண்ணைக் கழித்திருந்தால் அன்றே படகை நிறுத்தியிருக்க வேண்டும். 'தொடர்ந்து ஓட்டலாம்' என்று எழுதினேன். ரிப்போர்ட்டில் எண்ணெய் நன்றாக இருந்தும் எஞ்சின் நின்றால் பழி எஞ்சின்காரர் மேல்தான் விழும். கரையோரமாக எங்காவது நிற்கும், நாலு பேர் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். அதற்கு மேல் நான் எதற்கும் ஆசைப்படவில்லை.

அத்தான் ஆய்வகத்துக்கே வந்தார். "எண்ணெய் கூழாட்டம் இருக்கு மாப்ளே. கருகின வாடை வேற. முதலாளி உன் ரிப்போர்ட்டக் காட்டி ஓட்டுங்கறாரு, என்னால ஒண்ணும் பண்ண முடியல. உன்னக் கும்பிட்டுக் கேக்கறேன், இன்னொரு தடவ பாரு."

"நான் ஜோசியம் பாக்கறதில்ல அத்தான்" என்றேன்.

 அவர் கையைப் பிசைந்துகொண்டே திரும்பிப் போனார். பாவமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை காற்று பலமாக அடித்தது. அக்கா போன் செய்தாள். "தம்பி, குட்டியக் கூட்டிக்கிட்டு அக்கரைக்குப் போகணும். உங்க அத்தான் எஞ்சின் சரியில்ல, வராதேங்கறாரு. நீ சொன்னாப் போறேன்."

பிறகு நடந்தது, விசாரிக்கிற உங்களுக்குத் தெரியும். நடு அலையில் எஞ்சின் இறுகி நின்றது. படகு பாறையில் மோதியது. அத்தானை உயிரோடு இழுத்துக் கரையில் போட்டார்கள். அக்காவும் குழந்தையும் இன்னும் கிடைக்கவில்லை.

போனில் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், ஐயா. சொல்லியிருந்தால் அவள் அத்தானைப் பார்த்து, "நீங்க சொன்னதுதான் சரி" என்றிருப்பாள். அதை என்னால் தாங்கியிருக்க முடியாது. "ஒண்ணும் ஆகாது, தைரியமாப் போயிட்டு வாக்கா. குட்டிய ஜன்னலோரமா உக்கார வை, அலையப் பாத்தா சிரிப்பா" என்றேன்.