எண்ணெய் ஊற்றிப் பார்த்த துணி

"கடையில தந்த சாம்பிள் துண்டிலயெல்லாம் நல்லெண்ணெயை ஊத்திப் போட்டன் அக்கா."

கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குப் போகும் பஸ்ஸில், என் முன் இருக்கையில் இருந்த பெண் சொன்னாள். எண்ணெயை இப்படி வீணாக்குகிறவள் யார் என்று பார்க்கத்தான் பேப்பரை மடித்தேன். அவள் மடியில், சோபா செற்றிக்குப் போடும் துணிகளின் துண்டுகள் கிடந்தன.

"உனக்கென்ன விசரா?" என்றார் பக்கத்தில் இருந்த அக்கா.

"இல்லையக்கா. ஒரு இரவு ஊறவிட்டு, சோப் போட்டுக் கழுவினனான். வெல்வெட்டில கறை அப்பிடியே நிண்டிட்டுது. இந்த மண்ணிறத் துண்டில ஒண்டும் தெரியேல்லை. கதவுத் திறப்பால சுரண்டியும் பாத்தன், ஒரு நூல் எழும்பேல்லை."

அக்கா அந்தத் துண்டை வாங்கி, இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தார்.

"நல்ல இறுக்கமான நெசவுதான். ஆனா ரெக்சின் எண்டா துடைச்சு விடலாமே?"

"இந்த வெக்கைக்கு ரெக்சின் முதுகில ஒட்டும். மாமாவுக்குத் தலைக்கு எண்ணெய் வைக்காட்டி நித்திரை வராது. செற்றியில கறை பட்டிட்டுது எண்டு இவர் ஒருநாள் தன்ர அப்பாவையே ஏசிப்போட்டார். அண்டையில இருந்து மாமா பிளாஸ்டிக் கதிரையிலதான் நிமிர்ந்து இருந்து ரீவி பாக்கிறார்."

அக்கா துணியை மெதுவாகத் தடவினார்.

"உன்ர மாமா குடுத்து வைச்சவர், பிள்ளை. அவரிட்டச் சொன்னனீயோ?"

"சொன்னா வேண்டாம் எண்டுவார். புதுத் துணி போட்ட செற்றி வாற அண்டைக்குப் பிளாஸ்டிக் கதிரையைப் பக்கத்து வீட்டில குடுத்துவிடப்போறன்."