ஆபீசருக்குப் போட்ட காபி

பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறிய இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள். மூத்தவள் மடியில் ஒரு பிளாஸ்க்.

"பாத்து உக்காரு. ஆபீசருக்குக் காபி கீது. நம்ம கிணத்துத் தண்ணில போட்டது."

"தோல் பதனிடுற ஷெட்டுக் கழிவு கலந்த தண்ணிலயா, அக்கா?"

"நல்ல தண்ணின்னு எழுதிக் குடுத்த மகராசனாச்சே! எம் புள்ளைங்க தெனம் குடிக்குது, அவரும் ஒரு வாய் குடிக்கட்டும்."

"குரோம்பேட்டைக்காரங்க குடுத்தப்போ சுகர்னு தப்பிச்சிட்டாராமே?"

"அவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க. சர்க்கரையே போடல."

"சனிக்கிழமை விரதம்னு வேற சொன்னாராம்."

"அதான் செவ்வாய்க்கிழமை பாத்துப் போறோம்."

"புதுசா எதனா சாக்கு சொன்னா?"

"அனகாபுத்தூர்க்காரங்களுக்குச் சொல்லி அனுப்புவோம். அடுத்து அவங்க போவட்டும்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். முருகா, அந்த மனிதர் குடிக்கக்கூட வேண்டாம். மூடியைத் திறந்து ஒரு தரம் மோந்து பார்க்கட்டும், போதும்.