டோரிஸ் கையெழுத்துப் போட்ட வெறுந்தாள்

“ஹலோ… ஹலோ, அண்ணே? … நான்தான், டோரிஸ். … ஆமா ஆமா, ஆபீஸ் போன் இல்ல, என் சொந்த போன்லருந்துதான் கூப்புடுறேன். … இல்லண்ணே, சத்தமா பேச முடியாது. … கேளுங்க முதல்ல. எனக்கு நேரம் இல்ல. அந்தக் கடுதாசிய யாரு டைப் பண்ணது?”

மலேசியாவின் ஈப்போ நகரில் ஓர் அரசாங்க அலுவலகம். நான்காவது மாடியில் பழைய கோப்புகளை அடுக்கி வைத்திருக்கும் அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு நின்றிருந்தாள் டோரிஸ். கிளினிக்குகளுக்குக் கணினி வேலை செய்து தரும் கம்பெனிகளின் ஒப்பந்தங்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பதினெட்டு வருடமாக அதைத்தான் செய்கிறாள். அவள் மெதுவாகப் பேசி அந்த ஆபீசில் யாரும் கேட்டதில்லை. நேற்று அவள் வீட்டில் என்ன குழம்பு என்பது நான்கு மேசை தள்ளி இருப்பவருக்கும் தெரியும். அப்படிப்பட்ட குரல் இன்று கிசுகிசுப்பாக இறங்கியிருந்தது. பயம்தான், வேறொன்றும் இல்லை.

“எந்தக் கடுதாசியா? … தெரியாத மாதிரி பேசாதீங்கலா. டிசம்பர் இருபத்தாறு தேதி போட்ட கடுதாசி. உங்க காண்ட்ராக்ட் மதிப்பப் பதினஞ்சு லட்சம் வெள்ளி கூட்டியாச்சு, எங்க ஆபீஸ் போர்டு ஒத்துக்கிச்சு, வேலைய ஆரம்பிக்கலாம்னு எழுதியிருக்கு. கீழ என் கையெழுத்து. … ஆங், அதான். … அதேதான்.”

மறுமுனையில் இருந்தவர் உடையப்பன். கிளினிக்குகளில் நோயாளிகள் நாள் குறித்துக்கொள்ளும் கணினி முறையை நடத்துவது அவர் கம்பெனிதான். டோரிஸின் அப்பாவும் அவருடைய அப்பாவும் சுங்கை சிப்புட் பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். அதனால் அவர் இவளுக்கு அண்ணன், இவள் அவருக்குத் தங்கச்சி. தீபாவளிக்கு முறுக்கு அங்கிருந்து வரும், கிறிஸ்துமஸுக்குக் கேக் இங்கிருந்து போகும்.

“ஆடிட் வந்திருக்காங்க. … இன்னிக்குத்தான், காலையில. புவான் நோராய்னின்னு ஒரு ஆபீசரம்மா. … சிரிச்ச முகமாத்தான் இருக்காங்க, அதப் பாத்தாதான் இன்னும் பயமா இருக்கு. உங்க பில்லுக்குப் பின்னால இருந்த அந்தக் கடுதாசிய எடுத்து மேசையில வச்சாங்க. போர்டு ஒத்துக்கிட்டதுக்கு மினிட்ஸ் எங்கன்னு கேட்டாங்க. இல்ல. எங்க இருக்கும், போர்டு இன்னும் உக்காரவே இல்லையே! … அப்புறம், இது உங்க கையெழுத்தான்னாங்க. ஆமான்னேன். … பின்ன இல்லங்கறதா? என் கையெழுத்துதானே! … அப்புறம் பக்கத்துல என் லீவு பாரத்த வச்சாங்க. … ஆமா, இருபத்து மூனுலருந்து முப்பத்தொன்னு வரைக்கும். லூமுட்ல, மாமியார் வீட்டுல இருந்தேன். லீவுல இருந்த ஆளு எப்படி ஆபீஸ் கடுதாசி எழுதுனீங்கன்னு கேக்குறாங்க. … ஃபைல் பாத்துட்டு வாரேன்னு எந்திரிச்சு வந்துட்டேன். பத்து நிமிஷம் குடுத்திருக்காங்க.”

டோரிஸ் செய்த தப்பு ஒன்று இதில் இருந்தது, அதைச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு கிறிஸ்துமஸ் லீவுக்கு முன்பும் ஆபீசின் பெயர் அச்சடித்த தாள் மூன்றை எடுத்து, அடியில் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தி, உடையப்பனின் ஆளிடம் கொடுத்துவிட்டுப் போவாள். மேலே ஒரு வரி இருக்காது. டெக்னீஷியன்கள் கிளினிக்குக்குள் போக வேண்டுமென்றால் ஆபீஸ் கடிதம் கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவள் லீவில் இருக்கும்போது பாரிட் புந்தார் கிளினிக்கில் கணினி படுத்துக்கொண்டால் யார் கடிதம் கொடுப்பது? அதற்காகத்தான் அந்த வெறுந்தாள்கள். கிளினிக் பெயரையும் தேதியையும் டைப் செய்துகொண்டு போவார்கள். நான்கு வருடமாக இப்படித்தான் நடந்தது, ஒரு வில்லங்கமும் வந்ததில்லை.

“நான் குடுத்தது கிளினிக்குக்குள்ள போறதுக்குண்ணே. … ஆமா, உள்ள விடச் சொல்லி எழுதுறதுக்கு. பதினஞ்சு லட்சத்துக்கு இல்ல! … … யாருண்ணே டைப் பண்ணது? உங்க ஆபீஸ் பிள்ளைங்க யாராச்சும் தெரியாம… … … நீங்களேவா?”

அவள் இரும்பு அலமாரியைப் பிடித்துக்கொண்டாள். யாரோ ஒரு கிளார்க் செய்த கோளாறாக இருக்கும், அண்ணன் ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துவிடும் என்றுதான் போனை எடுத்தாள். இப்போது அந்த வழியும் அடைபட்டுவிட்டது.

“ஏண்ணே? … ம். … ம். … தெரியும், வேலை நடந்துச்சுன்னு தெரியும். புதுசா சேத்த ஆறு கிளினிக்லயும் ஓடுது, சனங்க நல்லா இருக்குங்குறாங்க, நான் இல்லன்னு சொல்லல. … எங்க பாஸ் சொன்னாரா? வாயால சொன்னாரா, பேப்பர்ல சொன்னாரா? … வாயாலதானே! … அடுத்த மாசம் போர்டு உக்கார்றாங்க, அது வரைக்கும் பொறுத்திருக்கலாம்ல? … சரி, பதினோரு பேருக்குச் சம்பளம் குடுக்கணும். சரி. … புரியுதுண்ணே. அந்தப் பதினோரு பேருக்காக என்னையப் பிடிச்சுக் குடுத்தீங்களா?”

அவர் ஏதேதோ வேகமாகச் சொல்லிக்கொண்டு போனார். டோரிஸ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

“என்னது? … வீட்டுல உக்காந்து நான் எழுதுனேன்னு சொல்லவா? … லேப்டாப்ப லூமுட்டுக்கு எடுத்துட்டுப் போனேன், சரி. முத்திரை? அது ஆபீஸ் பீரோவுல பூட்டிக் கெடக்குண்ணே. … முன்னாடியே குத்தி வச்சிருந்தேன்னு சொன்னா, வெறுந்தாள்ல குத்துனது தெரிஞ்சு போகுமே! … … போர்டு ஒத்துக்கிட்டதா தப்பா நெனச்சுட்டேன்னு சொல்லணும். … ம். … ஒரு வார்னிங்கோட விட்டுருவாங்களா? … யாரு சொன்னா உங்களுக்கு?”

வாய் மறுத்தாலும், மனசு அந்தப் பொய்யை ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டது. தப்பாக நினைத்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள். எவ்வளவு சுலபம்! உண்மையைச் சொன்னால் அண்ணன் மேல் போலீஸ் புகார் போகும். வெறுந்தாளைக் கொடுத்தவள் என்று இவளையும் உட்காரவைத்துக் கேட்பார்கள். வேலை போகலாம், ஜெயிலுக்கே போனாலும் போகலாம். பொய்யைச் சொன்னாலோ, இல்லாத ஒப்புதலை இருப்பதாக எழுதியவள் இவள்தான் என்று ஆகிவிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் தப்ப வழி இல்லை. சிலுவைச் சங்கிலியைச் சட்டைக்கு மேலே எடுத்து விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடியும் சுற்றினாள்.

“நான்தான் எழுதுனேன்னு ஒருதரம் சொல்லிட்டா, அப்புறம் எல்லாக் கேள்வியும் என்கிட்டதானேண்ணே வரும்? … உங்ககிட்ட எப்படி வரும்? நீங்க, கடுதாசி வந்துச்சு, நம்பிட்டேன்னு சொல்லிட்டுப் போயிருவீங்க. … தோட்டத்து லயத்துக் கதைய இப்ப எடுக்காதீங்க. … ஆமா, உங்கம்மா எனக்குச் சோறு போட்டாங்க, இல்லன்னு சொன்னேனா? அதுக்கும் இதுக்கும் என்னா இருக்கு? … … என்ன சொன்னீங்க? … இல்ல, திரும்பச் சொல்லுங்க. … தாள நான் குடுத்தேன், வாசகத்தையும் நான்தான் சொன்னேன்னு எழுதிக் குடுப்பீங்களா? … இது மெரட்டலா, அண்ணே? … மெரட்டுற மாதிரிதான் இருக்கு!”

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. டோரிஸ் போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். பக்கத்து மேசைக்காரி புனிதா தலையை நீட்டி, ஆடிட்டர் உட்கார்ந்திருக்கும் கூட்ட அறைப் பக்கம் கையைக் காட்டினாள்.

“வாரேன்னு சொல்லு புனிதா. … ஃபைல் தேடிக்கிட்டு இருக்கேன்னு சொல்லு. ரெண்டே நிமிஷம்.”

அவள் கையில் ஒரு கோப்புகூட இல்லை. புனிதா அதைப் பார்த்தாள். கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

“அண்ணே… அழாதீங்கலா. … அழாதீங்கன்னா! உங்களுக்கு மட்டுமா பயம்? எனக்கும்தான். … இப்ப எங்க இருக்கீங்க? … உங்க ஆபீஸ்லயா? … … நில்லுங்க.”

கீழே குப்பை லாரி ஒன்று பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. அதன் ‘பீப் பீப்’ ஜன்னல் வழியாகவும் வந்தது, போன் வழியாகவும் வந்தது. டோரிஸ் ஜன்னல் திரையை விலக்கினாள். விருந்தினர் கார்கள் நிற்கும் வரிசையில், மழைமரத்துக்கு அடியில், உடையப்பனின் வெள்ளைக் காடி.

“கீழதான் இருக்கீங்க. … பொய் சொல்லாதீங்க, காடி தெரியுது. … எப்பலருந்து? … எட்டு மணிலருந்தா? … அப்ப, ஆடிட் வர்றது உங்களுக்கு முன்னயே தெரியும். … எனக்கு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? … … ம். … நீங்களே மேல வந்து சொல்லிடலாம்னுதான் வந்தீங்களா? … நெசமாவா? … எறங்க முடியலயா. … கதவத் தொறக்கவே கை வரலயா.”

அவள் கோபம் அப்படியே இறங்கிவிட்டது. இரண்டு மணி நேரமாக ஒரு மனுஷன் காடிக்குள் உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருக்கிறான். பயம் என்றால் என்னவென்று அவளுக்கு இந்தப் பத்து நிமிடத்தில் நன்றாகவே தெரிந்துபோயிருந்தது. அவர் மேல் பாவமாக இருந்தது. கூடப் பிறந்த தங்கச்சிக்கு இருப்பது போலவே பாவமாக இருந்தது.

“அண்ணே, நான் சொல்றதக் கேளுங்க. இப்ப எறங்குங்க. நான் கீழ வாரேன், லிப்ட்கிட்ட நிக்கிறேன். ரெண்டு பேருமா உள்ள போலாம். நீங்க டைப் பண்ணத நீங்க சொல்லுங்க. வெறுந்தாள்ல கையெழுத்துப் போட்டத நான் சொல்றேன். வேலை நெசமாவே நடந்திருக்குன்னும் நான் சொல்றேன், ஆறு கிளினிக் பேரையும் சொல்றேன். … என்னா வந்தாலும் ரெண்டு பேருக்கும் வரட்டும். … வருவீங்கதானே? … வருவீங்க. … சரிண்ணே. சரி. தேங்க்ஸ்ண்ணே.”

அன்று காலையிலிருந்து முதல் தடவையாக அவள் முழு மூச்சு விட்டாள். காடியின் பின்பக்கச் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆனால் கதவு திறக்கவில்லை.

“அண்ணே? … காடி நகருது. … எடம் மாத்திப் போடுறீங்களா? அங்கயே இருக்கட்டும், யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க. … … அண்ணே, அந்தப் பக்கம் வாசல் கேட்டு. … கேட்டுப் பக்கம் போறீங்க.”

வாசல் தடுப்புக் கம்பத்தில் காடி நின்றது. கண்ணாடியை இறக்கி, விருந்தினர் அட்டையைக் காவலுக்கு நின்ற ஜாகாவிடம் நீட்டினார். போன் இன்னும் அணையவில்லை. அவர் ஜாகாவிடம் மலாயில் நன்றி சொல்வதும், சாப்பிட்டாச்சா என்று விசாரிப்பதும் அவளுக்குக் கேட்டது. குரலில் நடுக்கம் இல்லை, அழுகையும் இல்லை. எப்போதும் பேசுகிற அதே மரியாதையான குரல். கம்பம் மேலே ஏறியது.

“போறீங்களா?

“… … சரி, போங்க. … இல்ல, கோவம் இல்ல. ரொம்பப் பயமா இருக்கு, அவ்ளோதான். நீங்க பக்கத்துல நின்னிருந்தா கொஞ்சம் கொறஞ்சிருக்கும். … கட் பண்ணாதீங்க, இதக் கேட்டுட்டுப் போங்க. நான் இப்ப உள்ள போறேன். கையெழுத்து என்னுது, எழுதுனது நான் இல்லன்னு சொல்லப் போறேன். பின்ன யாருன்னு கேப்பாங்க. கேக்காம விடுவாங்களா? அப்ப உங்க பேரச் சொல்லணும். … சின்னப் பிள்ளையிலருந்து உங்கள அண்ணன்னுதான் கூப்புட்டிருக்கேன், ஒருதரம்கூடப் பேரச் சொன்னதில்ல. இன்னிக்கு அவங்க முன்னாடி முழுப் பேரச் சொல்லணும். … அழாம சொல்லணும். அதுக்குத்தான் எல்லாத்தயும் விடப் பயமா இருக்குண்ணே. … அண்ணே?”

லைன் எப்போது அறுந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.