கேலோங்கை ஒட்டி ஒரு புள்ளி

மெர்லிமாவில் உருளைக்கிழங்கு அடைத்த சூடான கறிபாப் வேண்டுமென்றால் நாலு மணிக்கு முன்னால் போய்விட வேண்டும், இன்ஸ்பெக்டர் சார். நாலேகாலுக்கு வெறும் தட்டுதான் இருக்கும். இந்த விவகாரம் தொடங்கியதே அந்த அவசரத்தில்தான்.

1997. அதே மெர்லிமா பக்கம் கடலோரத்தில் எங்கள் ஆராய்ச்சிக்கூடம். தினமும் காலையில் ஒரு விமானம் கடலோரத்தை ரேடாரில் படமெடுத்து வரும். அதில் சின்னப் படகுகளைக் கணினி தானாகவே கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவள் பவானேஸ்வரி என்ற நான். ஆயிரக்கணக்கான வெள்ளைப் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் 'படகு', 'படகு இல்லை' என்று நான் குறித்துக் கொடுத்தால், அதைப் பார்த்து அது கற்றுக்கொள்ளும்.

தொல்லை கொடுத்தது கேலோங். மீன் பிடிக்கக் கடலில் மரக்கம்பங்கள் நட்டுக் கட்டுவார்களே, அது. ரேடாரில் படகு மாதிரியே மின்னும்.

"என்னாம்மா பவானி, ஒன் மிஷினு கம்பத்தையெல்லாம் படகுங்குது. நாளைக்கு என்னையும் படகுன்னு சொல்லுமா?" என்றார் எங்கள் தலைவர் டாக்டர் கணேசமூர்த்தி.

"டாக்டர் கொஞ்சம் வெயிட்ட கொறைங்க லா, சொல்லாது," என்றார் டிரைவர் சின்னப்பன் அண்ணன். கூடமே சிரித்தது. எனக்குச் சின்னப்பன் அண்ணனை ரொம்பப் பிடிக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை, கேலோங் பக்கத்துப் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்க்காமல், மொத்தமாக 'படகு இல்லை' என்று குறித்துவிட்டுக் கறிபாப் கடைக்கு ஓடினேன். கேலோங் பக்கம் எதுவுமே படகில்லை என்று கணினி கற்றுக்கொண்டது. திங்கட்கிழமைச் சோதனையில் அதற்கு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. கேள்வித்தாளும் நான், திருத்தியதும் நான், குறையுமா? டாக்டர் என்னை மேல்படிப்புக்கு இங்கிலாந்து அனுப்பச் சிபாரிசு எழுதினார்.

செப்டம்பரில் காட்டுத்தீப் புகைமூட்டம். பத்தடி தள்ளி நிற்பவர் முகம் தெரியாது. அந்தப் புகையில் ஞாயிற்றுக்கிழமை சம்பான் என்ற சின்னப் படகில் தூண்டில் போடப் போன சின்னப்பன் அண்ணன் திரும்பவில்லை. புகையை ஊடுருவிப் பார்க்க எங்கள் ரேடார்தான் கதி. அவர் மனைவி அருளம்மாள் அக்கா எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார்.

"பாத்துச் சொல்லுமா. அவருக்கு நீச்சல்கூடத் தெரியாது."

திங்கட்கிழமைப் படத்தில், கரையோரம் படகே இல்லை என்றது கணினி. நான் கண்ணால் பார்த்தேன். மூன்றாவது கேலோங்கை ஒட்டி ஒரு புதுப் புள்ளி. இன்ஜின் நின்றிருக்கும், கம்பத்தில் கயிற்றைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார். கெட்டிக்காரர்.

"கரையோரம் ஒண்ணும் இல்லக்கா," என்றேன். தேடும் படகுகள் ஆழ்கடலுக்குப் போயின.

நீங்களே நியாயம் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை கோலாலம்பூரிலிருந்து பெரிய அதிகாரிகள் கணினியைச் சோதிக்க வருகிறார்கள். அந்த வாரம் பார்த்து, பக்கத்திலிருக்கும் படகே அதற்குத் தெரியாது என்று சொல்ல முடியுமா? நான் பொய்யும் சொல்லவில்லை. கணினி சொன்னதைத்தான் சொன்னேன். அக்காவுக்கு வேளாவேளைக்கு மைலோ கலக்கிக் கொடுத்ததும் நான்தான். வேறு யாருக்கும் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமையும் புள்ளி அங்கேயே இருந்தது. புதன்கிழமையும். பரவாயில்லை, மனிதர் உறுதியானவர், வெள்ளிக்கிழமை மத்தியானம் சொல்லிவிடலாம் என்று நாள்கூடக் குறித்து வைத்திருந்தேன்.

வியாழக்கிழமைப் படத்தில் கேலோங் மட்டும் இருந்தது. அன்றைக்குக் கணினி ஒரு தப்பும் செய்யவில்லை, சார்.