இருபதாவது கல்லுக்கால்

நான் சத்தம் போட்டுப் பேசுகிற ஆள் இல்லை ஐயா. கோழிப்பண்ணைக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். தீபாவளிக்குக்கூட எங்கள் தோட்டத்தில் பட்டாசு கிடையாது. கோழி மிரண்டால் மறுநாள் முட்டை குறையும், ஓடில்லாத தோல்முட்டையாக விழும். கோழிகள் இருக்கும் செட்டுக்குள் நுழைகிறவன் இருமல் வந்தாலும் துண்டை வாயில் அமுக்கிக்கொண்டுதான் இருமுவான். துப்பாக்கி எதற்கு வாங்கினாய் என்று கேட்டீர்கள், அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். காக்காய் விரட்ட வெடி போட முடியாது. ஏர் ரைஃபிள் என்றால் விரலால் மேசையைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

எனக்குப் பயம் அதிகம். அதை மறைக்கப் போவதில்லை. சில வருஷங்களுக்கு முன்னால் வெள்ளைக்கழிச்சல் நோய் வந்து ஒரு செட்டுக் கோழி முழுக்கப் போய்விட்டது. காலையில் கதவைத் திறந்தால் உள்ளே சத்தமே இல்லை. கோழிச் செட்டில் சத்தம் இல்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஜேசிபி வைத்துக் குழி தோண்டி மூடினோம். அன்றைக்குப் பிடித்த நடுக்கம் பிறகு என்னை விடவில்லை. வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி கட்டினேன். யார் வந்தாலும் அதில் கால் நனைத்து, வெளிச்செருப்பைக் கழற்றிவிட்டு உள்செருப்பைப் போட வேண்டும். என் மாமனாரையே நிறுத்திக் கால் நனைக்கச் சொன்னேன். கோபித்துக்கொண்டு மோகனூருக்குப் போனவர்தான், இன்னும் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

கீழ்ப்புறத்துப் பண்ணை காளியண்ணனுடையது. என்னைவிடப் பெரியவர். நான் அண்ணா என்பேன், அவர் என்னைச் சாமி என்பார். எங்கள் தீவனக் குடோன் மூலையில் தொடங்கி அவருக்கும் எனக்கும் நடுவே நேராக ஒரு வேலி போகிறது. பத்தடிக்கு ஒரு கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்தது. தூரம் அளக்க எனக்கு வேறு கருவி வேண்டியிருக்கவில்லை, கால்களை எண்ணினால் போதும்.

குடோன் மூலையில் உட்கார்ந்து, துப்பாக்கிமேல் இருக்கும் ஸ்கோப்பை எட்டாவது காலுக்குச் சரிசெய்து வைத்தேன். அங்கே கண்ணாடிக்குள் இருக்கும் கூட்டல் குறி எதன்மேல் நிற்கிறதோ அதன்மேல்தான் குண்டு படும். அதைத் தாண்டினால் குண்டு இறங்கத் தொடங்கும். ஈயம்தானே, பாவம், அதற்கும் எடை இருக்கிறது. பன்னிரண்டாவது காலில் இரண்டு விரற்கடை இறங்கும். இருபதாவது காலில் ஒரு சாணுக்கும் மேல். கூட்டல் குறிக்குக் கீழே சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். தூரத்துக்குத் தக்கபடி எந்தப் புள்ளி என்று கண்டுபிடித்து, அதைக் குறியின்மேல் வைக்க வேண்டும். அப்போது கூட்டல் குறி மேலே வெறும் காற்றில் நிற்கும். பார்க்கிறவனுக்கு இவன் எதையோ விட்டுவிட்டு வானத்தைச் சுடுகிறான் என்று தோன்றும். கால்களின் தலையில் உடைசல் முட்டைகளை வைத்துப் பழகினேன். பன்னிரண்டுக்கு முதல் புள்ளி. இருபதுக்கு நான்காவது. கோடையில் காற்று அடங்கியிருந்ததால் சீக்கிரம் கைவந்துவிட்டது.

கத்திரி வெயிலில் காளியண்ணன் செட்டில் கோழி சாகிறது என்று தீவன லாரி டிரைவர் சொன்னார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அங்கே செத்ததைக் காக்காய் கொத்திக்கொண்டு இங்கே வரும், அதன் வாயிலிருந்து என் தண்ணீர்த் தொட்டியில் ஒரு துணுக்கு விழும், அது போதும். காக்காய்களைச் சுட்டேன். அதை நீங்கள் குற்றம் என்று சொல்ல மாட்டீர்கள். பிறகு அவருடைய நாய் ஒரு செத்த கோழியைக் கவ்விக்கொண்டு பன்னிரண்டாவது கால் அருகே நுழையப் பார்த்தது. நாய்க்கு மண்டை ஓடு கெட்டி, குண்டு தெறித்துவிடும். ஆகவே முதல் புள்ளியை அதன் கண்ணில் வைத்தேன்.

மறுநாள் காளியண்ணன் வழக்கமாக வந்து பேசுகிற இடத்துக்கு வந்தார். அது இருபதாவது கல்லுக்கால் பக்கம். நாய் கண்ணில் புண்ணோடு வந்து செத்துப்போச்சு சாமி, என்ன ஆச்சுன்னே தெரியல என்று வருத்தப்பட்டார். பாம்பு கொத்தியிருக்கும் என்று சொன்னேன். இருக்கும் இருக்கும் என்று தலையாட்டிவிட்டுப் போனார். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசியதை மட்டும்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். செத்த கோழிகளை அள்ளிப் போட்ட கை. அவர் போனதும் அந்தக் கம்பியை மருந்துத் தண்ணீரால் துடைத்தேன்.

அடுத்த நாளிலிருந்து இருபதாவது காலில் மட்டும் முட்டை வைத்தேன். அந்தக் காலில் காக்காய் உட்கார்வதில்லை, நாய் வருவதில்லை என்பது எனக்குத் தெரியும். என் மனைவி தமிழ்ச்செல்விக்கும் தெரிந்திருக்க வேண்டும். குடோன் வாசலில் நின்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, எனக்குக் கோழி நோவுக்குப் பயமில்லீங்க. உங்களப் பாத்தாத்தான் பயமா இருக்குது" என்றாள்.

பெண்களுக்கு நோயின் வேகம் புரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

சம்பவத்தன்று நல்ல மதியம். தவிட்டு மூட்டைமேல் துப்பாக்கியைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காளியண்ணன் வந்தார். தலை ஈரமாக இருந்தது. குளித்துச் சட்டை மாற்றியிருந்தார், காலில் செருப்பு இல்லை. அடுத்த பண்ணைக்குப் போகிறவர்கள் மரியாதையாக அப்படித்தான் போவார்கள். கம்பியைத் தொடாமல் ஓரடி தள்ளியே நின்றார். பண்ணையோரம் ஒருநாளும் குரல் உயர்த்தாத மனுஷன், அன்றைக்குக் கையைக் குவித்துக் கத்தினார்.

"சாமி, நோவு இல்லையாமா. டாக்டரு அறுத்துப் பாத்துச் சொல்லிப்போட்டாரு. வெறும் வெக்கையாம். நீ பயப்படாத சாமி."

சுட்ட பிறகும் என் செட்டில் ஒரு கோழிகூட மிரளவில்லை. அதை நீங்கள் குறித்துக்கொண்டால் நல்லது. தமிழ்ச்செல்விதான் கம்பியில் சேலை கிழிய நுழைந்து அந்தப் பக்கம் போனாள். அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் வேலிக்கு இந்தப் பக்கமே நின்றேன். திரும்பி உள்ளே வரும்போது கால் நனைத்துவிட்டு வா என்று அவளிடம் சொன்னேன். அவள் உள்ளே வரவேயில்லை. அப்படியே ஆம்புலன்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

கண்ணுக்குப் பின்னால் குண்டு தங்கிவிட்டது, காலையில் இறந்துபோனார் என்று இப்போது சொல்கிறீர்கள். எனக்கும் வருத்தம்தான். நாய்க்கு அழுத மனுஷன் அவர். நேற்று நான் கொடுத்த வாக்குமூலத்தில் இரண்டு விஷயம் இருக்கிறது. அவர் தலைக்கு மேலே ஒரு சாண் தள்ளித்தான் குறி வைத்தேன் என்பது ஒன்று. அது பொய்யில்லை, கூட்டல் குறி அங்கேதான் நின்றது. நான்காவது புள்ளி எங்கே நின்றது என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

பயத்தில் அவர் கத்தியது காதில் விழவில்லை என்று சொன்னது இரண்டாவது. அதை அடித்துவிடுங்கள். ஒரு சொல் விடாமல் விழுந்தது. நோய் இல்லை என்று கேட்டபோது எனக்குக் கையெல்லாம் லேசாகிவிட்டது, அத்தனை நாளில் முதல்முறையாக நடுக்கம் நின்றது. நடுக்கம் இல்லாத கை சுடுவதற்கு எவ்வளவு தோது என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்தேன் ஐயா. பேசும்போது தலை ஆடும்.